தலைக்கு மேல் நீலம்

அக்கா கல்யாண வீடியோவில் வானமே இல்லை. பேத்தமங்களா ஏரிக்கரையில், உச்சி வெயிலில், குடும்பத்தையே வரிசையாக நிறுத்தி எடுத்தது. மேலே வெறும் வெள்ளை. ஆண்டர்சன்பேட்டை ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் எடிட்டிங் வேலை பார்த்தவள் நான்தான். சொந்த வீட்டு வீடியோ, விடுவேனா? படத்தின் மேல் ஒரு நீலத்தைப் போட்டேன். உச்சியில் கெட்டியாக இருக்கும், கீழே வர வர நீர்த்து, அக்கரை மரங்களைத் தொடும் இடத்தில் காணாமல் போகும். எல்லார் தலையும் மரங்களுக்குக் கீழே அடங்கிவிட்டது. என் தலை மட்டும் வானத்துக்குள் போய் நின்றது.

அம்மா பார்த்தாள்.

“இன்னாடி இது, சொட்டு நீலத்துல மூஞ்சி கழுவின மாதிரி கீறே? போட்டோன்னா கொஞ்சம் குனிஞ்சி நில்லுன்னு எத்தினி தடவ சொல்றது?”

அவள் பதறக் காரணம் இருந்தது. என்னைப் பெண் கேட்டிருந்த நந்திதுர்க் பக்கத்து வீட்டார், வருவதற்கு முன் அந்தக் கேசட்டைப் பார்க்க வேண்டும் என்றிருந்தார்கள். என் உயரத்தைக் கேட்டே ஏற்கெனவே சில வரன்கள் நழுவியிருந்தன.

“பேசாம உன்ன மட்டும் வெட்டிடேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வானத்தை வேண்டுமானால் வெட்டுவேன், என்னை வெட்ட மாட்டேன். நீலத்தை என் தலைக்கு மேலே ஏற்றிவிட்டேன். மற்றவர்கள் தலைக்கு மேல் கொஞ்சம் வெள்ளை மிஞ்சியது. மிஞ்சட்டும்.

கேசட் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களும் வந்தார்கள். பையனின் அம்மா காபியைத் தொடாமல், என்னை வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொன்னார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. சித்திர வெயில்ல அப்பிடியொரு வானத்த இந்த ஊர்ல நான் பாத்ததே இல்ல. வானத்துக்கே கலர் போட்டவங்க, பொண்ணுக்குப் போடாமயா இருப்பாங்க?”

அம்மா முகம் சுண்டிப்போனது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

“வானத்துக்கு மட்டும்தாங்க போட்டேன். என் கலரு, ஒசரம் ரெண்டும் ஒரிஜினல்” என்றேன்.

பையன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். என் காது வரைதான் இருந்தார். அம்மா கண்ணாலேயே குனியச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நேராக நின்றேன்.

அவர் அண்ணாந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

“நம்ம கல்யாண வீடியோவையும் நீங்களே பண்ணிடுங்க” என்றார்.

பண்ணினேன். அதே ஏரிக்கரை, அதே வெயில். நீலம் என் தலைக்கு மேலேதான் தொடங்குகிறது. அவர் தலைக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் வெள்ளை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் முதலில் காட்டுவது அந்த வெள்ளையைத்தான்.