எட்டு நிமிடம் முந்திய விளக்கு

மைக்ரோகண்ட்ரோலர் வேலையில் வயரிங் பிழையானால் புகை வரும். புரோகிராம் பிழையானால் ஒன்றுமே வராது, எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே நடக்கும். பகலில் கல்முனையில் போன் திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் போர்டும் சென்சருமாக உட்கார்ந்து வீட்டில் ஏச்சு வாங்குகிறவன் நான். அதே வியாதி உள்ளவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தோளில் தட்டுவது

சாய்ந்தமருதில் தனியாக இருந்த ஹனிபா காக்காவுக்கு, முப்பது வருடம் இஞ்சின் போட்டில் கடலுக்குப் போனதில் இரண்டு காதும் அடைத்துவிட்டன. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னால் மனைவிதான் தோளில் தட்டிச் சொல்வார். அந்த மனைவி மௌத்தாகி, அவர் இல்லாத முதல் நோன்பு வரும் நேரம், நோன்பு திறக்கும்போது எரிகிற ஒரு விளக்கு செய்துதர முடியுமா என்று காக்கா கேட்டு வந்தார்.

போனில் அதிரும் அலாரம் வைத்தால் போதாதா என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்: "போன் சும்மாவும் அதிரும் தம்பி. அவ நேரத்துக்கு மட்டுந்தான் தட்டுவா."

கழித்தலில் கெட்டிக்காரன்

ஒரு போர்டு, நேரம் காட்டும் சின்ன மொடியூல், ஒரு பச்சை பல்ப். இரண்டு நாள் வேலை. கொழும்பைவிட இங்கே எட்டு நிமிடம் முந்தி சூரியன் மறையும் என்பது எங்கள் ஊரில் நோன்பு பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் புரோகிராமில் எட்டைக் கழித்தேன். கழித்த கெட்டித்தனத்துக்கு ஒரு பிளேன்டீயும் குடித்தேன். நான் பார்த்துப் பதிந்த அட்டவணை எங்கள் பள்ளியுடையது, அதில் ஏற்கெனவே கழித்துத்தான் போட்டிருக்கிறது என்பது தலையில் ஏறவில்லை.

பன்னிரண்டாம் நோன்பன்று, காக்காவின் தங்கை ஆமினா ராத்தா கஞ்சி கொண்டு போயிருக்கிறார். விளக்கு பச்சையாக எரிகிறது, காக்காவின் வாயில் பேரீச்சம்பழம், பள்ளியிலோ இன்னும் வாங்கு சொல்லவில்லை. மறுநாள் காலையில் ராத்தா விளக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "பன்னிரண்டு நாளும் பசிச்சுத்தான் கிடந்தார் தம்பி. அதில ஒண்டும் நோன்பில்ல."

மூன்று பக்கம்

எட்டைக் கழிக்கும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, விளக்கோடு காக்காவின் வீட்டுக்குப் போனேன். நேரத்துக்கு முந்தித் திறந்த நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும், அதுதான் களா. அந்த வயதில் பன்னிரண்டு களாவை அவர் தலையில் கட்டியவன் நான். வாயால் மன்னிப்புக் கேட்டால் அவருக்குக் கேட்காது. கொப்பியில் மூன்று பக்கம் எழுதினேன். அவர் இரண்டாம் பக்கத்திலேயே கொப்பியை மூடிவிட்டு, விளக்கைப் பழைய ஆணியில் மாட்டினார். "விளக்குக்கு எங்க தம்பி கண்ணிரிக்கி? எனக்கிரிக்கி. நான் வானத்தப் பாத்திரிக்கணும்."

மிச்சம் நாலு

பெருநாள் கழிந்து, திங்களும் வியாழனுமாகக் களாவைப் பிடிக்கத் தொடங்கினார். பிடித்ததைக் கலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டார். எட்டாவது புள்ளி வைத்த வாரமே நெஞ்சுவலி வந்து மௌத்தானார். அடக்கிவிட்டு வந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொன்னபோது, சுவரில் பச்சை விளக்கும் சரியாக அதே நேரம் எரிந்தது. என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

மௌத்தானவரின் களாவை, குடும்பத்தார் அனுமதி தந்தால் வேறொருவர் பிடிக்கலாம் என்று மௌலவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆமினா ராத்தாவிடம் போனேன். மிச்ச நாலையும் நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கலண்டரின் எட்டுப் புள்ளிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஓம், புடிங்க தம்பி. ஆனா விளக்கப் பாத்துத் துறக்காதீங்க, வாங்கக் கேட்டுத் துறங்க."

நாலையும் வாங்கு கேட்டே திறந்தேன். இப்போதெல்லாம் யார் என்ன செய்துதரக் கேட்டாலும், கழித்தல் இல்லாத வேலையென்றால் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.