குரல் போன சனிக்கிழமை

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊழியத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கல்வராயன் மலைக்குப் போவேன். வீடு வீடாக இயேசுவைப் பற்றிச் சொல்வேன். பைபிளில் வரும் யவீருவின் பன்னிரண்டு வயது மகள் இறந்துபோக, இயேசு கையைப் பிடித்து உயிரோடு எழுப்பிய கதை எனக்கு நன்றாக வரும். அதைச் சொல்லி, கண்மூடி ஜெபித்து, அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவேன்.

ஒரு வாரம் தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. ஆனாலும் போனேன், லீவு நாளில் அறையில் தனியாகக் கிடக்க எனக்குப் பயம். வழக்கமாகப் போகும் ஒரு வீட்டில், மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அஞ்சலையம்மாவிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், அன்றுதான் பேசினார்.

“எனக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. காய்ச்சலு. டோலி கட்டித் தூக்கிகினு மலையெறங்கறப்பவே பூடுச்சு. நீங்க அந்தக் கதையச் சொல்றப்பல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன்.”

என் முகம் போன போக்கைப் பார்த்தவர், “உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதான் ஒண்ணும் கேக்கலியே” என்றார், என்னைத் தேற்றுவதுபோல.

துண்டுப்பிரசுரப் பையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பும் பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை குரல் திரும்பியிருந்தது. அஞ்சலையம்மா வீட்டில் கதை சொல்லவில்லை. அவர் மகளின் பெயரைக் கேட்டேன்.