முப்பத்திரண்டாவது வினாடி

நம்ப முடியாதவங்க நம்பாமலே இருங்க, கண்ணுகளா. ராத்திரித் தூக்கமாவது மிஞ்சும். ஆனால் இது நடந்தது. என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

அக்காவுக்கு இதய ஆபரேஷன். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லணும். பயத்தில் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். நானோ அப்போதுதான் புது வீட்டுக்கு மாறியிருந்தேன். உள்ளே செல்போன் சிக்னல் எட்டிப்பார்க்காது. இன்டர்நெட் போன் ஒன்றுதான் துணை. தினமும் மூன்றரை மணிக்குக் கூப்பிடுவேன். அக்கா வாயைத் திறந்தால் மூச்சு விடமாட்டாள். என் முறை வரும்போது... டொக். சரியாக முப்பத்திரண்டாவது வினாடியில் கட். திரும்பக் கூப்பிட்டால், அவள் லைன் பிஸி.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, நெட்காரரை வரவழைத்தேன்.

“உங்க ரவுட்டர் சரியான அதிகப்பிரசங்கிம்மா,” என்று சிரித்தார். “போற அழைப்பைப் பிரிச்சு, விலாசத்தை மாத்தி எழுதுது. அங்கேர்ந்து வர்ற பதில் வேற எங்கேயோ போயிடுது. பதிலைக் காணோம்னு போன் கட் பண்ணிடுது.”

“வேற எங்கே போகுது?”

“அது யாருக்கும்மா தெரியும்?”

ஒரு செட்டிங்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

மணி 3:30. கூப்பிட்டேன். கடிகாரத்தையே பார்த்தேன். முப்பது... முப்பத்தொன்று... முப்பத்திரண்டு...

கட் ஆகவில்லை!

“அக்கா, ஒன்பது நாளா இதைச் சொல்லத் தவிக்கிறேன். ஆபரேஷன் பண்ணிக்கோ.”

“ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? தினமும் ஒரு மணி நேரம் வேண்டாம் வேண்டாம்னு என் உயிரை வாங்கினது நீதானே?”

“நானா? லைன்தான் தினமும் கட் ஆயிடுதே!”

“எங்கேடி கட் ஆச்சு?”

ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

லைனில் ஒரு செருமல். என் செருமல்.

“அக்கா... அவ பேச்சைக் கேக்காதே...”

என் குரல்.

நான் வாயே திறக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். மணி 3:34.

அன்றே பஸ் ஏறினேன். மறுநாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நேரில் சொன்னேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பிழைத்தாள்.

வார்டில் படுத்தபடி தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். என் புது வீட்டு எண்ணிலிருந்து வந்த அழைப்புகள். அந்த வியாழன்வரை, இருபத்துமூன்று நாள், தவறாமல் மூன்றரை மணிக்கு. முதல் அழைப்பு வந்த அன்றுதான் அவளுக்கு முதன்முதலில் நெஞ்சு வலித்ததாம்.

அந்த எண் எனக்குக் கிடைத்தே அந்த வியாழனோடு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.