சங்கரலிங்கம் வழி விடமாட்டார்

செய்தி வந்தபோது நான் பணிமனையில் இருந்தேன். காலை ஷிப்டு பஸ்கள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தன. ஃபோர்மேன் முனிராஜ் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். "மேடம், நம்ம பழைய டைரக்டர் சங்கரலிங்கம் சார் போயிட்டாராம். விடிகாத்தால நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்." ஓய்வறையிலிருந்து ஓர் ஓட்டுநரின் குரல் கேட்டது: "போய்ச் சேந்துட்டானா? எல்லாருக்கும் டீ சொல்லுப்பா, நான் குடுக்குறேன்." யாரோ சிரித்தார்கள். முனிராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் யாரையும் அதட்டவில்லை. எனக்கும் ஒரு டீ வந்தது, குடித்தேன்.

மதியத்துக்குள் நம் அலுவலக வாட்ஸ்அப் குழு இரங்கல்களால் நிரம்பிவிட்டது. 'பண்பின் சிகரம் சாய்ந்தது' என்று ஒருவர். 'எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர்' என்று இன்னொருவர். அடப்பாவிகளா! இவரை எந்த ஜென்மத்தில் பார்த்தீர்கள்? அவரோடு வேலை பார்த்தவர்கள் நாம். நமக்குள் எதற்கு இந்தப் பொய்? கெட்ட வாய், இளகாத மனசு. ஒருவர் அழுதால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் அவருக்குக் கீழே இயக்கப் பிரிவு மேலாளராக இருந்த காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே திங்கட்கிழமைத் திட்டுக்குப் பதில் யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பண்பின் சிகரத்தைப் பற்றி எழுத வேறு ஆள் பாருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஓசூரில் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்பேட்டைகள் நீண்டுகொண்டே போகின்றன. ஷிப்டு மாறும் நேரத்தில் கர்நாடக லாரியும் தமிழ்நாட்டு லாரியும் கம்பெனி பஸ்ஸும் காரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சாலையின் நடுவில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, தரைக்குச் சிவப்புப் பூசி, அரசுப் பேருந்துகளுக்கு மட்டும் என்று தனித்தடம் போட்ட திட்டத்துக்கு சங்கரலிங்கம்தான் இயக்குநர். ஜனங்கள் அதைச் செவப்பு ரோடு என்பார்கள். நோயாளியோடு போகும் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் அதில் போகலாம், அவற்றுக்குத் தடத்தின் முகப்பில் பஸ் வழிக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு கேட் உண்டு. மற்ற யாருக்கும் அனுமதி கிடையாது. அந்த விதியை எழுதியவர் அவர். "ஒருத்தனுக்கு வழி விட்டா, அவன் மச்சான் நாளைக்கு வந்து நிப்பான். அதுக்கப்புறம் அது பஸ் தடம் இல்ல, சந்தைக்கடை" என்பார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு அவருடையது. எத்தனையோ வருஷம் இங்கே இருந்தும் மாறவில்லை.

தடம் திறந்த வருஷத்து ஆயுத பூஜை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டுநர்கள் பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, முதல் நிறுத்தத்தில் சிவப்புத் தடத்திலேயே பூசணிக்காய் உடைத்தார்கள். காலங்காலமாக எல்லா வண்டிக்கும் உடைப்பதுதானே என்று நாங்களும் நின்று கும்பிட்டோம். குங்குமம் கலந்த சதை தரையெல்லாம் சிதறியது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டபோது வழுக்கிக்கொண்டு போய் நிறுத்தத்தின் விளிம்பில் இடித்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. சங்கரலிங்கம் இறங்கி வந்தார். உடைத்தவர் மாதப்பன், ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓட்டுநர், புது வேட்டி கட்டி மனைவியையும் பேத்தியையும் பூஜைக்கு அழைத்து வந்திருந்தார்.

"அள்ளும்" என்றார் சங்கரலிங்கம்.

மாதப்பன் துடைப்பம் எடுக்கப் போனார். "துடைப்பம் வேண்டாம். கையால அள்ளும். அப்பத்தான் அடுத்த வருசம் ஞாபகம் இருக்கும்." பேத்தி பார்த்துக்கொண்டிருக்க அந்த மனிதர் முழங்கால் போட்டு அள்ளினார். இரண்டு இளைய ஓட்டுநர்கள் உதவிக்குக் குனிந்தார்கள். "ஒடச்சவன்தான் அள்ளணும், நிமிருங்கல" என்று அவர்களையும் தடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நல்ல நாளும் அதுவுமா பெரியவரை இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டேவிட்டேன். "பஸ்ஸு ஜனங்க மேல ஏறியிருந்தா நல்ல நாள் பாத்திருக்குமாம்மா?" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து பூசணிக்காயைப் பணிமனைக்குள் உடைத்தோம். மாதப்பன் ஓய்வுபெறும் வரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை.

அதைவிட மோசமானது கம்பெனி பஸ் விவகாரம். "எங்க பஸ்லயும் தொழிலாளிங்கதானே சார் போறாங்க, எங்களையும் உள்ள விடுங்க" என்று கேட்டு ஒரு கம்பெனியின் போக்குவரத்து மேலாளர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "பெட்டிய எடுத்துட்டுப் போங்க, எறும்பு வரும்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பினார் சங்கரலிங்கம். அந்த வாரமே கம்பெனி பஸ் நெரிசலில் மாட்டித் தாமதமாகி, அதில் வந்த பெண்களுக்கெல்லாம் அரைநாள் சம்பளம் போயிற்று. கல்லாவியிலிருந்து பிழைக்க வந்த நாகவேணி என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"பக்கத்துல ரோடு சும்மா கெடக்குது, நாங்க நின்னு சாவணுமா? நீயெல்லாம் சோறுதான் துன்றியா?" என்று சங்கரலிங்கத்தைப் பார்த்துக் கத்தினாள். அழுதாள். "அழுதா ரோடு அகலமாயிருமா? ஒங்க கம்பெனிக்காரன்ட்ட சொல்லி எங்க பஸ்ல பாஸ் எடுத்துத் தரச் சொல்லு" என்றார். நாகவேணி வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். மண் தூற்றினால் யாருக்குத்தான் மனசு நடுங்காது? அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

கம்பெனிகள் முரண்டு பிடித்துப் பார்த்தன, முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு எங்கள் பஸ்ஸுக்குப் பாஸ் கொடுத்தன. வெகுநாள் கழித்து நாகவேணியைச் சிவப்புத் தடத்து நிறுத்தத்தில் பார்த்தேன். "எம் புள்ள முழிச்சிட்டு இருக்கச்சே இப்பத்தான் மேடம் வூட்டுக்குப் போறேன். முன்னெல்லாம் தூங்குற மூஞ்சியத்தான் பாப்பேன்" என்றாள். உடனே, "ஆனா அந்தாளு மட்டும் நல்லா இருக்க மாட்டான்" என்றும் சேர்த்துக்கொண்டாள். இதை அவரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சமாவது உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். "பஸ்ஸு நேரத்துக்கு வருதான்னு கேட்டியா?" என்றார்.

அவருடைய பணி நிறைவு விழாவில் போட்ட நாற்காலிகளில் பாதிக்கு ஆள் இல்லை. சொந்த ஊருக்குப் போய்விடுவார் என்று நம்பினோம், போகவில்லை. இங்கேயே வாடகை வீடு பிடித்து, தினமும் டிக்கெட் எடுத்து நம் பஸ்ஸிலேயே போய்வந்து, எனக்குப் போன் போட்டுத் திட்டினார்.

அவருக்குப் பின் வந்த இயக்குநர் சிரித்த முகக்காரர். யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். 'தடம் பாதி நேரம் காலியாகத்தானே கிடக்கிறது' என்று கம்பெனிகள் மறுபடி கேட்டபோது, அதிகாரிகளின் கார்களுக்கு அனுமதிச்சீட்டு தருவது பற்றி ஒரு முன்மொழிவு தயாராயிற்று. அதை முடிவு செய்ய அந்த வாரக் கடைசியில் வாரியக் கூட்டம் இருந்தது. எதிர்த்துப் பேச எனக்கு இருந்தது ஒரே ஒரு வாதம். இன்றுவரை ஒருவருக்கும் விதியைத் தளர்த்தியதில்லை என்பதுதான் அது. அந்த நிலையில்தான் சங்கரலிங்கம் செத்துப்போனார்.

இனி எழுதப்போவதை நேரில் பார்த்தவர்கள் சிலரே. இறந்த அன்று பிற்பகல் புது இயக்குநர் போன் செய்தார். "அவர் போட்ட தடத்திலேயே அவரைக் கொண்டு போறோம் மேடம். நம்ம மரியாதை. ஆம்புலன்ஸ் கேட்டைத் திறந்து வைங்க." மயானம் ஊருக்கு அந்தப் பக்கம். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது, கண்கூடக் கலங்கியது. தடத்தின் முகப்புக்குப் போய் நின்றேன்.

அமரர் ஊர்தி வந்தது. அதன் பின்னால் கார்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. உயிரோடு இருந்தபோது அவரைக் கண்டாலே ஆகாத கம்பெனி அதிகாரிகள் அத்தனை பேரும் மாலையோடு கார்களில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இனிப்புப் பெட்டிக்காரர் முன்னால் இறங்கி வந்தார். கேமராக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். "எல்லா வண்டியும் ஒண்ணா உள்ள போற மாதிரி எடுப்பா" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சுரீர் என்றது. வாரியக் கூட்டத்தில் காட்டப்போகும் படம் அது. விதியை எழுதியவனே பிணமாக அந்த விதியை உடைத்துவிட்டுப் போனான் என்று சொல்ல இந்த ஒரு படம் போதும்.

"கார் எதுவும் உள்ள வராது" என்றேன். இயக்குநரைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். "ஒரு நாள்தானே மேடம், இறுதி ஊர்வலம்" என்று அவர் குழைந்தார். முடியாது என்றேன். "அப்போ ஊர்தியை மட்டுமாவது விடுங்க" என்றார். ஊர்தி மட்டும் போனாலும் அது ஒரு விதிவிலக்குதான். நாளைக்கு இன்னொருவர் மச்சான் வந்து நிற்பார். ஊர்தி ஓட்டுநரிடம் போய், "வெளி ரோட்டுல போங்கண்ணா" என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார்.

ஊர்திக்குள் கண்ணாடிப் பெட்டி இல்லை. ஸ்ட்ரெச்சரில் வெறுமனே படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி செல்வராணி அக்கா உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, ஏன் நிக்குது?" என்று கேட்டார். சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

"பொணத்துக்குக்கூட வழி விடமாட்டீகளா?" என்றார் அக்கா. "ஒன்னய என்ன பாடுபடுத்துனாருன்னு எனக்குத் தெரியும். அதுக்கு இப்ப பழி வாங்குதியா?"

நான் ஆம்புலன்ஸ் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டேன். ஊர்தி திரும்பி லாரிகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது. ஷிப்டு மாறும் நேரம், நல்ல வெயில், ஒரு வண்டியும் அசையவில்லை. இனிப்புப் பெட்டிக்காரர் மாலையை சாலையோரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மற்றக் கார்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

வாரியக் கூட்டத்தில் முன்மொழிவு ஒத்திவைக்கப்பட்டது. அவர் உடலுக்கே கிடைக்காத அனுமதியைத் தனக்கு வேண்டும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு மாற்றல் உத்தரவு வரும் என்கிறார்கள், வரட்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். "அவரு மொகத்துல ஈ மொச்சுது. முந்தானையால விசிறிக்கிட்டே வந்தேன். பக்கத்துல ஒன் பஸ்ஸு போச்சு. காலியா போச்சும்மா. ஒரு ஆளு இல்ல அதுல."

ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிவரப் போகிற பஸ் அது. போகும்போது காலியாகத்தான் போகும், வரும்போது நாகவேணி மாதிரி நூறு பேர் தொங்கிக்கொண்டு வருவார்கள். சொல்லியிருக்கலாம். செத்த மனிதரின் மனைவியிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"ஆமாக்கா, காலியாத்தான் போச்சு" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டார். செத்தவருடைய நல்ல குணம், அன்பு, ஆசி எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். சங்கரலிங்கத்திடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது சாத்திய அந்தக் கதவுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.