அவருக்கு மட்டும் கரைந்த கட்டி

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுக்கட்டி. வெளியூர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கரண்ட் வைப்பது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மணலூர்பேட்டைக்குத் திரும்ப முடியாமல் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கிவிட்டோம். யாரைப் பார்த்தாலும் இவர் என்ன ஆள் என்றுதான் அப்போது மனசு முதலில் கேட்கும்.

சங்கராபுரத்துக்காரர் ஒருவருக்கும் அதே நோய், அதே மெஷின், கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் போட்ட அதே ஊதா மைக்கோடு. சில வாரங்களில் அவருடைய கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. அப்பாவுடையது அசையவில்லை. மெஷின் போடுகிறவரும் சங்கராபுரத்துக்காரரும் ஒரே ஜாதி என்பதை அம்மா எப்படியோ விசாரித்துவிட்டாள். அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது.

“அவனுக்கு ஜாஸ்தி வச்சிக்கினு எனக்குக் கம்மி பண்றான்” என்றார் அப்பா. “நம்மள உள்ள தனியா வுட்டுட்டு வெளிய போயி கதவ சாத்திக்கிறானே, அங்க நின்னுக்கினு இன்னாத்த திருப்புறான்னு யாரு கண்டா?”

எனக்கும் சந்தேகம்தான். கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரம்தான் ஆனது. அதன்பிறகு கடிகாரத்தைச் சந்தேகப்பட்டோம்.

விஷயம் காதுக்கு எட்டி, சங்கராபுரத்துக்காரரே அப்பாவிடம் வந்தார்.

“நாளைக்கு எனக்கு வைக்கிறப்ப நீங்களும் வந்து பாருங்கண்ணே. ஒளிவுமறைவு ஒண்ணுமில்ல.”

இதில் என்ன உள்குத்தோ என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் டாக்டர் அப்பாவை உட்காரவைத்துப் பேசினார். “ரெண்டு பேருக்கும் கொடுக்கறது ஒண்ணுதாங்க. கரண்டுல அடிபட்டதும் அவர் கட்டியில இருக்கற செல்லுக்கு, செத்துப்போன்னு உள்ளுக்குள்ளயே சேதி போகுது. உங்க கட்டியில, காயத்தை ஆத்திக்கிட்டு பொழைச்சுக்கோன்னு போகுது. ஏன்னு எங்களுக்கே முழுசா புரியல.”

அப்பா நம்பவில்லை. நம்பினால் யாரோடு சண்டை போடுவது? மெஷின்காரர் என்றால் மனு கொடுக்கலாம், ஆள் சேர்க்கலாம். கட்டிக்குள் போகும் சேதியை எந்த ரோட்டில் மறிப்பது? பாதி சிகிச்சையில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. அறுவடைக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று சங்கராபுரத்துக்காரர் வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். தேறியிருந்தார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்களுக்கு இருமல் நின்னுபோச்சா?”

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, வராத இருமலை இருமிக் காட்டினார்.