இரண்டாவது சாட்சி

அப்பா படுத்த படுக்கையாவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஸ்ரீபெரும்புதூரில் அனுபவமுள்ள வக்கீலாகப் பார்த்துத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னார். மண்ணூர் வீட்டைத் தங்கைக்கு எழுதிவைக்க வேண்டும் என்றார். கணவனை இழந்து மகளோடு திரும்பி வந்த நாளிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அண்ணனும் நானும் நிலத்தில் எங்கள் பங்கை முன்பே வாங்கிவிட்டிருந்தோம்.

"ஒரு வூட்டுக்கு இன்னாத்துக்குப்பா வக்கீலு? நானே எழுதிக்கினு வரேன்" என்றேன். அப்போது நான் ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர். எதையும் நானே முடித்துவிடலாம் என்ற நினைப்பு. செல்போனில் ஒரு உயில் மாதிரியைத் தேடியெடுத்து, தண்டலத்தில் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கினேன். இரண்டு சாட்சி வேண்டும் என்று அதில் இருந்தது. யார் சாட்சியாக இருக்கக் கூடாது என்பது அதில் இல்லை.

கையெழுத்துப் போடும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். இரண்டாவது சாட்சியாக வரவேண்டிய என் நண்பனுக்கும் எனக்கும் கம்பெனியில் ஓ.டி. வேலை விழுந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, என்ன செய்வது என்று தங்கை போன் செய்தாள்.

"யாரு போட்டா இன்னா, நீயே போட்டுடு" என்றேன்.

அப்பா இறந்து முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த அண்ணன் உயிலைக் கேட்டு வாங்கிப் படித்தான். அடுத்த வாரம் பங்கு கேட்டு அவனுடைய நோட்டீஸ் வந்தது. அதன்பிறகுதான் வக்கீலிடம் போனோம். வயதானவர். உயிலின் கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இந்த ரெண்டாவது கையெழுத்து யாரோடது?"

"என்னோடது சார்" என்றாள் தங்கை.

கிறிஸ்தவர்களுக்கான சட்டப்படி, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு எழுதிவைத்த சொத்து செல்லாது, வீடு இனி மூன்று பிள்ளைகளுக்கும் சமம் என்றார். முன்பே வந்திருந்தால் தன் குமாஸ்தாவையே சாட்சி போட வைத்திருப்பாராம். பிறகு அவளிடம், "உன்னைப் போடச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார்.

"அப்பாதான் சார்."

என் பக்கம் அவள் திரும்பவில்லை. நான் மேசையிலிருந்த உயிலை எடுத்து மடித்தேன்.

என் பங்கை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். அண்ணன் விடவில்லை. அவன் பங்கை வாங்க எங்கள் இருவருக்குமே வழியில்லாததால் வீடு கைமாறியது. வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு, வடமாநிலத் தொழிலாளர்கள் தங்க அறைகள் கட்டியிருக்கிறார்கள். தங்கை வந்த பணத்தை மகள் பெயரில் போட்டுவிட்டு, பென்னலூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பார்க்கப் போனால் டீ போட்டுத் தருகிறாள். அங்கே என்னால் அதிக நேரம் உட்கார முடிவதில்லை.