வக்கீல் காகிதத்தைக் கொடுத்தானா?

மாலை ஐந்தே முக்கால். வடசென்னை கல்மண்டபத்தில், எங்கள் வீட்டு வாசலில் முதலில் தெரிந்தது ஓர் ஊன்றுகோலின் ரப்பர் நுனி. அதன் பின்னால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தாஸ் மாமா உள்ளே வந்தார். மணலியில் ஒரு ரசாயன ஆலையில் அப்பாவுடன் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். ஆறு மாதத்துக்கு முன் டேங்க் ஏணியிலிருந்து விழுந்ததில் அவருடைய இடது கால் முறிந்தது. பாதுகாப்பு பெல்ட் கொடுத்தோம், அவர்தான் மாட்டவில்லை என்றது நிர்வாகம். "பெல்ட்டே குடுக்கல" என்று அப்பா வீட்டில் பலமுறை சொல்லியிருந்தார். மாமா விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் அப்பா ஒருவர்தான். மாமா வீட்டுக்கு வந்த அந்த மாலைக்கு மறுநாள், இழப்பீட்டு வழக்கில் அப்பா சாட்சி சொல்ல வேண்டும்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒரு நீதிமன்ற நாவலைக் கொடுத்து, அதன் நாயகனான வக்கீலின் மனப்போராட்டத்தை ஆராய்ந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். தன் கட்சிக்காரரான முதலாளி சொல்வது பொய் என்று காட்டும் காகிதம் வக்கீலின் கையில் சிக்குகிறது. உண்மைக்கும் பயத்துக்கும் நடுவே அவன் தவிப்பதாக நான்கு பக்கம் எழுதி, மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"காயிதத்த ஜட்ஜு கைல குட்த்தானா இல்லியா பாப்பா?"

"குடுத்துட்டான் மாமா."

"அப்பால இன்னா போராட்டம்? குட்த்தான், வூட்டுக்குப் போனான். இதுக்கா நாலு பக்கம்?"

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "அந்த வக்கீலுக்கு சம்பளம் யாரு தர்றது? அத எழுதினியா?" என்று என்னைக் கேட்டார். எழுதவில்லை.

"மச்சான், நாளைக்கி இஸ்திரி போட்ட சட்டைல வா. என் சாட்சி கலீஜா வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லி மாமா எழுந்தார். தெருமுனை வரை அவருடன் நடந்துவிட்டு வந்த அப்பா, சட்டையைத் தானே தேய்த்தார்.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா அந்த ஆலையிலேயே ஓய்வு பெற்று, சில வருடங்களில் இறந்தார். வழக்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிச் செய்தி எழுதுவதற்காக, போன மாதம் மாமாவைத் தேடிப் போனேன். "நீ படிச்ச பொண்ணு, படிச்சிக்க" என்று தீர்ப்பின் நகலை எடுத்துக் கொடுத்தார். மனு தள்ளுபடி. மூன்றாம் பக்கத்தில் அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது: பெல்ட் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது தனக்கு நினைவில்லை என்று சாட்சி கூறினார்.